உப்பேறும் ஏரியும் நன்னீர் மீனும்

நுழையும்முன்

நீரின்றி மீன் வாழாது என்பதை அனைவரும் அறிவர். எந்த நீரில் எந்த மீன் வாழும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். கடல்மீனை ஏரியில் விட்டாலும் ஏரிமீனைக் கடலில் விட்டாலும் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோகும். இரண்டு நீருக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு உப்பின் அளவேயாகும். ஏரிகளின் நடுவே தொழிற்சாலைகள் எழுந்துள்ள திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில், நீரில் கூடும் உப்பு வளர்ப்பு மீன்களின் உடல்நலத்தை எவ்வாறு மாற்றும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரிகளின் நாடு

காஞ்சிபுரம் வட்டாரத்தை ஏரிகளின் நாடு என வழங்குவர். வற்றாத ஆறு ஒன்றும் இங்கு இல்லை. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதே இந்நிலத்தின் வாழ்முறை. முன்னோர் ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் சென்று சேருமாறு சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தனர். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உள்ள ஏரிகள் பலவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியையோ அடையாற்றையோ நோக்கிச் செல்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுடைய செம்பரம்பாக்கம் ஏரி, சென்னை மாநகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும்.

இராமானுசர் பிறந்த ஊராகப் புகழ்பெற்ற திருப்பெரும்புதூர், 1990களின் பிற்பகுதி முதல் தொழில் நகராகவும் வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்தன. மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர ஊர்தி, மின்னணுக் கருவி எனப் பல பொருள்கள் இங்கு உருவாகின்றன. பல்லாயிரம் இளைஞர்களுக்கு இப்பகுதி வேலை அளிக்கிறது. ஏரிக்கரையின் ஒருபுறம் நெல்வயலும் மறுபுறம் தொழிற்கூடமும் காணப்படுவது இன்று இப்பகுதியின் இயல்பான காட்சியாகும்.

பாசனத்திற்கு வெட்டப்பட்ட ஏரி, மீனுக்கும் இடமாகிறது. ஏரியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவர். இதனை மீன்பாசிக் குத்தகை என்பர். குத்தகை எடுத்தவர், மழைக்குப்பின் ஏரி நிரம்பியதும் மீன்குஞ்சுகளை வாங்கி விடுகிறார். நீர் குறையும் கோடையில் வலையிட்டு மீனைப் பிடிக்கிறார். இடைப்பட்ட மாதங்களில் அவருடைய முதலும் உழைப்பும் நீருக்குள்ளேயே இருக்கின்றன. எனவே, நீரின் தன்மையில் ஏற்படும் மாற்றம் அவருடைய வாழ்வில் ஏற்படும் மாற்றமாகவே அமைகிறது.

மூன்று மீன்கள், மூன்று அடுக்குகள்

தமிழ்நாட்டின் ஏரி, குளங்களில் பெரிதும் வளர்க்கப்படுபவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் இந்தியப் பெருங்கெண்டைகளாகும். கட்லா நீரின் மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியிடுவதில்லை. ஆதலால் இவற்றை ஒரே நீர்நிலையில் சேர்த்து வளர்க்கலாம். இம்முறைக்குக் கூட்டு மீன்வளர்ப்பு என்று பெயர்.

இம்மீன்கள் ஓடும் ஆற்றில் இனப்பெருக்கம் செய்பவை. தேங்கிய நீரில் இவை இயல்பாக முட்டையிடுவதில்லை. அதனால் ஒரு காலத்தில் மீன்குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. 1957 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள், ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில் அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டை மீன்களைத் தூண்டி முட்டையிடச் செய்தார். அந்நாளே இன்று தேசிய மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த முயற்சி வெற்றி பெற்றதனால்தான் இன்று வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் குஞ்சுகள் கிடைக்கின்றன.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் நன்னீருக்கு உரியவை. நன்னீர், உவர்நீர், கடல்நீர் என நீரைப் பகுப்பதற்கு உப்பின் அளவே அடிப்படையாகும். ஒரு லிட்டர் நீரில் அரை கிராமுக்கும் குறைவாக உப்பு கரைந்திருந்தால் அது நன்னீர் எனப்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. இவை இரண்டிற்கும் இடைப்பட்டது உவர்நீர். முகத்துவாரங்களிலும் காயல்களிலும் இதனைக் காணலாம்.

உடலின் உள்ளும் புறமும்

நன்னீர் மீனின் குருதியிலும் உப்பு உண்டு. அதன் செறிவு, கடல்நீரின் செறிவில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டதாக இருக்கும். வெளியே உள்ள ஏரிநீரோ அதனைவிட மிகவும் நீர்த்தது. உப்புச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு, மெல்லிய சவ்வின் வழியே நீர் நகரும். இதனைச் சவ்வூடு பரவல் என்று அறிவியல் கூறும். மீனின் செவுள் அத்தகைய மெல்லிய சவ்வாலானது. ஆகவே, நன்னீரில் வாழும் மீனின் உடலுக்குள் செவுள் வழியாக நீர் இடைவிடாமல் புகுந்துகொண்டேயிருக்கிறது. அதேவேளையில் உடலின் உப்பு சிறிது சிறிதாக வெளியே கசிகிறது.

இந்நிலையை மீன் இரண்டு வழிகளில் எதிர்கொள்கிறது. முதலாவதாக, மிகுதியாகப் புகும் நீரை அதன் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக ஓயாமல் வெளியேற்றுகிறது. இரண்டாவதாக, செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் நீரில் அரிதாகக் கிடைக்கும் சோடியம், குளோரைடு முதலிய அயனிகளைத் தேடிப்பிடித்துக் குருதிக்குள் சேர்க்கின்றன. இப்பணிக்கு ஆற்றல் வேண்டும். மீன் உண்ணும் உணவின் ஒரு பகுதி நாள்தோறும் இதற்கே செலவாகிறது. நன்னீர் மீன் நீரைப் பருகுவதில்லை என்று சொல்லும் அளவிற்கு மிகக் குறைவாகவே பருகுகிறது.

கடல்மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் குருதியைவிடக் கடல்நீர் உப்பு மிகுந்தது. எனவே, அதன் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். இழந்த நீரை ஈடுசெய்யக் கடல்மீன் கடல்நீரைப் பருகுகிறது. அவ்வாறு உட்புகும் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. சூழ்ந்திருப்பது நீரே எனினும் கடல்மீன் நீருக்காகவே உழைக்கிறது. நன்னீர் மீனோ உப்புக்காக உழைக்கிறது.

கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் உல்லம் போன்ற சில மீன்கள் இருவகைத் திறனையும் பெற்றவை. கொடுவா, மடவை, பால்மீன் ஆகியவையும் உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குபவை. இந்தியப் பெருங்கெண்டைகளுக்கு அத்திறன் இல்லை. அவற்றின் செவுள் உப்பை உள்ளிழுக்கப் பழகியது. வெளியே தள்ளப் பழகியதன்று.

உப்பு கூடும்போது நிகழ்வன

ஏரிநீரில் உப்பு சிறிதளவு கூடினால் மீனுக்கு உடனே தீங்கு நேர்வதில்லை. உடலின் உள்ளும் புறமும் உள்ள வேறுபாடு குறைவதால், உப்பைத் தேடும் வேலையும் சிறிது குறையும். லிட்டருக்கு ஓரிரு கிராம் உப்புள்ள நீரில் வளர்ந்த கெண்டைகள் நலமாகவே வாழும். ஆனால், 5 கிராம் அளவை நெருங்கும்போது பெருங்கெண்டைகளின் வளர்ச்சி குன்றத் தொடங்குகிறது. 8 கிராம், 10 கிராம் என உயரும்போது அவற்றின் உயிருக்கே இடர் நேர்கிறது. மீனின் வயது, நீரின் வெப்பம், உப்பு கூடும் விரைவு ஆகியவற்றைப் பொறுத்து இவ்வெல்லைகள் சிறிது முன்பின்னாக அமையும்.

வெளிநீரின் செறிவு குருதியின் செறிவைக் கடந்ததும் நீரோட்டம் திசைமாறுகிறது. அதுவரை உடலுக்குள் புகுந்த நீர், உடலைவிட்டு வெளியேறத் தொடங்குகிறது. மீன் நீருக்குள்ளேயே வறட்சியடைகிறது. அதனை ஈடுசெய்ய வெளிநீரைப் பருகினால் உப்பும் உடன் புகுகிறது. அவ்வுப்பை வெளியேற்றும் திறன் இல்லாமையால் குருதியின் சமநிலை குலைகிறது.

அவ்வெல்லையை எட்டுவதற்கு முன்பே மீனின் உடல்நலம் படிப்படியாகச் சீர்கெடுகிறது. நெருக்கடியை உணர்ந்த உடல் கார்டிசால் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. சில மணி நேரம் நீடிக்கும் நெருக்கடியில் இது மீனைக் காக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் இதுவே நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். வளர்ச்சிக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் உயிர்தரிக்கவே செலவாகும். இரை எடுப்பது குறையும். செவுளில் கோழை மிகுந்து மூச்சுவிடுதல் கடினமாகும். வலிமையான மீனை வெல்ல முடியாத ஒட்டுண்ணியும் நுண்ணுயிரியும் இந்நிலையில் எளிதாகத் தொற்றும். இறுதியில் மீன் இறப்பது நோயால் என்று தோன்றும். நோய்க்கு இடங்கொடுத்தது நீர் என்பது கண்ணுக்குப் புலப்படாது.

உப்பு மிகுந்த நீரில் ஆக்சிசன் கரையும் அளவும் குறைகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். அதே வெப்பத்தில் கடல்நீரில் ஏறத்தாழ 6.2 மில்லிகிராம் மட்டுமே கரையும். கோடை வெப்பம், நெருக்கமாகிவிட்ட மீன்கள், அடியில் மக்கும் கழிவு ஆகியவற்றோடு உப்பும் சேரும்போது, விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய்திறந்து திணறுவதைக் காணலாம்.

இவை அனைத்திலும் மிகுதியாகப் பாதிக்கப்படுபவை முட்டைகளும் இளங்குஞ்சுகளுமே. கருவுற்ற கெண்டை முட்டை, நீரை உறிஞ்சிப் பருத்து மணி போலாகும். ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரத்தில் பொரியும். நீரில் உப்பு மிகுந்திருந்தால் முட்டை நீரை உறிஞ்சுவது தடைப்படும். வளர்ந்த மீன் தாங்கும் உப்பைக் குஞ்சு தாங்காது. எனவே, பெரிய மீன் உயிரோடிருப்பதை மட்டும் கண்டு ஏரி நலமாக உள்ளது என்று முடிவுசெய்தல் பிழையாகும்.

மருந்தாகும் உப்பு

உப்பு எப்போதும் மீனுக்குப் பகையன்று. மீன்வளர்ப்போர் கையாளும் பழைய மருந்துகளுள் உப்பும் ஒன்று. செவுளிலும் தோலிலும் ஒட்டுண்ணியோ பூஞ்சையோ தொற்றிய மீன்களை, நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு உப்புக் கரைசலில் சில நிமிடங்கள் மட்டும் அமிழ்த்தி எடுப்பர். நுண்ணிய ஒட்டுண்ணி அந்த உப்பைத் தாங்காது மடியும். அளவில் பெரிய மீன் அச்சிறுபொழுதைத் தாங்கிக்கொள்ளும். தொலைவிடங்களுக்குக் குஞ்சுகளைக் கொண்டுசெல்லும்போது நீரில் சிறிதளவு உப்பு சேர்ப்பதும் வழக்கம். அலைச்சலால் உடலின் உப்பை இழக்கும் குஞ்சுகளுக்கு அது துணைசெய்யும்.

மற்றொரு நன்மையும் உண்டு. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா, நுண்ணுயிரிகளால் நைட்ரைட்டாக மாறும். குளோரைடை உள்ளிழுக்கும் செவுள்செல்கள் நைட்ரைட்டையும் தவறுதலாக உள்ளிழுத்துவிடும். குருதியிலுள்ள ஈமோகுளோபின் அதனால் ஆக்சிசனைச் சுமக்க இயலாத மெத்திமோகுளோபினாக மாறும். குருதி பழுப்பு நிறம் அடையும். நீரில் ஆக்சிசன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத் திணறி இறக்கும். நைட்ரைட்டைப்போலக் குறைந்தது ஆறு முதல் பத்து மடங்கு குளோரைடு நீரில் இருந்தால், செவுள்செல்கள் பெரும்பாலும் குளோரைடையே ஏற்கும்; நைட்ரைட்டின் நுழைவு தடைப்படும். இதற்காகவே குளங்களில் அளவறிந்து உப்பிடுவர்.

மருந்தும் நஞ்சும் அளவிலும் காலத்திலும்தான் வேறுபடுகின்றன. மருந்தாக உப்புக் கரைசலில் அமிழ்த்தப்படும் மீன் சில நிமிடங்களில் அதைவிட்டு நீங்கிவிடும். ஏரியில் தானாக வந்து சேரும் உப்பு நீங்குவதில்லை.

தெரிந்து தெளிவோம்

நீரில் கரைந்துள்ள அனைத்து உப்புகளின் கூட்டளவு, மொத்தக் கரைந்த திடப்பொருள்கள் எனப்படும். இது லிட்டருக்கு மில்லிகிராம் என்னும் அலகில் குறிக்கப்படும். 1,000 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 1 கிராம் ஆகும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் இது 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காதவிடத்து 2,000 வரை ஏற்கப்படும். நிலப்பகுதி நீர்நிலைகளில் விடப்படும் தூய்மையாக்கப்பட்ட கழிவுநீருக்குத் தமிழ்நாட்டில் 2,100 மில்லிகிராம் எல்லையாக உள்ளது.

உப்பு எங்கிருந்து வருகிறது?

மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அது மண்ணில் ஓடி ஏரியை அடையும்போது சிறிதளவு உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதனினும் மிகுதி. வீடுகளின் கழிவுநீரிலும் உணவு, சலவைப் பொருள் ஆகியவற்றின் வழியே உப்பு சேர்கிறது. மக்கள்தொகை பெருகிய ஊர்களில் இதுவும் பொருட்படுத்த வேண்டிய அளவினதே.

தொழிற்கூடங்களில் உப்பு சேரும் வழிகள் மூன்றை இங்குக் குறிப்பிடலாம். கொதிகலனுக்கு வேண்டிய மென்னீரைத் தரும் கருவியைப் புதுப்பிக்க அடர்ந்த உப்புக்கரைசல் பயன்படுகிறது. பயன்பட்டபின் அது கழிவாகிறது. குளிர்விப்புக் கோபுரங்களில் நீர் ஆவியாகி வெளியேற, எஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. அந்நீரை அவ்வப்போது மாற்ற வேண்டியுள்ளது. எதிர் சவ்வூடு பரவல் முறையில் நீரைத் தூய்மையாக்கும்போது, நான்கில் மூன்று பங்கு தூயநீராகப் பிரிந்தால், உப்பு முழுவதும் எஞ்சிய ஒரு பங்கு நீரில் தங்கி அதன் செறிவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. தூய்மையாக்கும் கருவி உப்பை அழிப்பதில்லை. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுகிறது. ஆதலால், பிரித்த உப்பு எங்கே செல்கிறது என்பதே முதன்மையான வினா ஆகும்.

ஆவியாதலும் எளிய கணக்கும்

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. ஏரியின் உப்பு வெளியேற வேண்டுமானால் நீரும் அதனோடு வெளியேற வேண்டும். மதகின் வழியோ கலங்கலின் வழியோ ஓடும் நீரே உப்பையும் கொண்டுசெல்லும். மண்ணுள் கசியும் நீரும் ஓரளவு எடுத்துச் செல்லும்.

லிட்டருக்கு 400 மில்லிகிராம் உப்புள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். கோடையில் ஆவியாதலால் மட்டுமே நீர் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், செறிவு 1,600 மில்லிகிராமாக உயரும். இது லிட்டருக்கு 1.6 கிராம். பெருங்கெண்டைகள் இதனைத் தாங்கும். இயல்பான ஏரி இயல்பான கோடையில் உப்பால் மீனைக் கொல்வதில்லை.

அதே ஏரியின் நீரில் தொடக்கத்திலேயே 2,100 மில்லிகிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். கழிவுநீருக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள்தான் இது உள்ளது. நீர் நான்கில் ஒரு பங்காகும்போது செறிவு 8,400 மில்லிகிராமாகும். அஃதாவது லிட்டருக்கு 8.4 கிராம். பெருங்கெண்டையின் உயிருக்கு இடர்தரும் அளவு இது. குழாயின் வாயில் விதிக்கு உட்பட்டிருந்த நீர், தேங்கிய ஏரியில் கோடையின் இறுதியில் மீனின் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஓடும் ஆற்றில் கலந்து நீர்க்கும் நீருக்கும், மூடிய ஏரியில் தேங்கிச் செறியும் நீருக்கும் ஒரே அளவுகோல் போதாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

மீன் பெரிதாகி விலைபெறும் காலமும், நீர் குறைந்து உப்பு செறியும் காலமும் ஒன்றாகவே அமைந்திருப்பது கருதத்தக்கது. ஆறேழு மாத உழைப்பின் பயன் கைக்கு வரும் வேளையில்தான் இழப்பும் காத்திருக்கிறது.

நொய்யல் தரும் பாடம்

உப்பேற்றத்தின் விளைவைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டறிந்துள்ளது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. சென்னிமலைக்கு அருகே அவ்வாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992 இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனமே அதன் நோக்கம். ஆற்றின் மேற்பகுதியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் இருந்தன. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்குச் சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட் ஆகிய உப்புகள் பெருமளவில் சேர்க்கப்படும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறும். அணை அந்நீரைத் தேக்கியது. பாசனத்திற்குக் கட்டிய அணையில், அணையின் நீர் திறக்கப்பட வேண்டாம் என்று உழவர்களே கோரும் நிலை உருவானது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று, விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலை நம்பிய தொழிலாளர்கள் அதனால் இன்னலுற்றனர். அதன்பின் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறை திருப்பூரில் வேரூன்றியது. கழிவுநீரிலிருந்து நீரையும் உப்பையும் தனித்தனியே மீட்டு மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தினர். கழிவாகக் கருதப்பட்ட உப்பு மீண்டும் மூலப்பொருளானது. தொடக்கத்திலேயே இதனைச் செய்திருந்தால் ஆறும் தொழிலும் பட்ட துன்பம் பெரிதும் குறைந்திருக்கும்.

ஏரல் கடலின் வரலாறு

நடு ஆசியாவில் உள்ள ஏரல் கடல் ஒரு காலத்தில் உலகின் பெரிய ஏரிகளுள் ஒன்றாக விளங்கியது. 1960 ஆம் ஆண்டளவில் அதன் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு இருந்தது; அதற்கேற்ற மீன்கள் வாழ்ந்தன. பருத்திப் பாசனத்திற்காக அதில் கலந்த இரண்டு ஆறுகளின் நீரும் திருப்பப்பட்டதால் ஏரி சுருங்கியது. முப்பது ஆண்டுகளில் உப்பின் அளவு மும்மடங்காயிற்று. 1980களின் தொடக்கத்திலேயே அங்கு மீன்பிடித்தொழில் ஓய்ந்தது. படகுகள் மணலில் நின்றன. 2005 இல் வடபகுதியைப் பிரித்துக் கோக்அரால் என்னும் அணை கட்டப்பட்டது. ஆற்றுநீர் தேங்கியது, உப்பு குறைந்தது, மீன்களும் மீன்பிடித்தொழிலும் அப்பகுதிக்குத் திரும்பின. நன்னீர் வரவு நின்றால் மீன் அழியும் என்பதையும், அது மீண்டால் மீனும் மீளும் என்பதையும் ஏரல் கடல் ஒருசேரக் காட்டுகிறது.

காக்கும் வழிகள்

உப்பைக் கண்ணால் காண இயலாது. எனவே, அளந்தறிவதே முதல் வழி. நீரின் மின்கடத்து திறனை அளக்கும் சிறிய கருவி, அதன் வழியே கரைந்த உப்பின் அளவைக் காட்டும். ஏரிக்கு நீர் வரும் கால்வாய், மதகடி, கலங்கல், நடுப்பகுதி ஆகிய இடங்களில் மாதந்தோறும் அளந்து குறித்துவந்தால், உப்பு எத்திசையிலிருந்து எக்காலத்தில் வருகிறது என்பது தெளிவாகும். ஒருநாள் அளவு ஒன்றையும் உணர்த்தாது. ஓராண்டு அளவுகள் பலவற்றை உணர்த்தும். அக்கருவி உப்பின் கூட்டளவை மட்டுமே காட்டும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. நீரில் உலோக நஞ்சுகள் உள்ளனவா என்பதை அறிய ஆய்வகச் சோதனை வேண்டும்.

குஞ்சுகளை விடும்போது, அவை வந்த பையை ஏரிநீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, ஏரிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து பழக்கிய பின்னரே விடுதல் வேண்டும். கோடையில் உப்பு விரைந்து உயர்வது தெரிந்தால், மீன் முழு எடையை அடையும்வரை காத்திராமல் முன்கூட்டியே பகுதி பகுதியாகப் பிடித்துவிடுதல் இழப்பைக் குறைக்கும். வரத்துக் கால்வாய்களும் கலங்கலும் அடைபடாமல் இருந்தால், மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும். தேங்கிய உப்பும் அடித்துச் செல்லப்படும். ஏரிச் சங்கிலியை அமைத்த முன்னோரின் ஏற்பாட்டில் இப்பயனும் அடங்கியுள்ளது.

உப்பைத் தாங்கும் மீன்களை வளர்க்கலாமே என்னும் எண்ணம் எழலாம். 1952 இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியா உவர்நீரிலும் வாழும். பால்மீனும் வாழும். எனினும், மீனை மாற்றுவதால் ஏரி நலம் பெறுவதில்லை. வேர்மண்டல நீரில் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராமைக் கடந்தாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். திலேப்பியா செழித்திருக்கும் ஏரியின் கீழ் நெல் கருகி நிற்கலாம். கால்நடையும் மக்களும் பயன்படுத்தும் நீரும் அதுவே. மேலும், விரைந்து பெருகும் அயல் மீன் நாட்டு மீன்களின் இடத்தைக் கைப்பற்றிவிடும்.

ஆகவே, உப்பை அது தோன்றும் இடத்திலேயே தடுப்பதுதான் நிலையான வழியாகும். தொழிற்கூடத்தின் நீரை அதன் எல்லைக்குள்ளேயே மீட்டுப் பயன்படுத்துவதும், எஞ்சிய உப்பைத் திண்மமாக்கி முறையாக அகற்றுவதும் இன்றைய தொழில்நுட்பத்தில் இயல்வனவே. இப்பகுதியில் நீர் மறுபயன்பாட்டுக்கு முன்மாதிரியும் உள்ளது. சென்னை கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை தூய்மையாக்கும் நிலையம் 2019 இல் செயல்படத் தொடங்கியது. அந்நீர் குழாய்வழியே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பூங்காக்களுக்கு வழங்கப்படுகிறது. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு சென்னை தண்ணீருக்குத் தவித்ததும் அதே 2019 ஆம் ஆண்டில்தான். மாநகரின் கழிவுநீர் தொழிலுக்குப் பயன்பட்டால், அந்த அளவு நன்னீர் மக்களுக்கும் ஏரிக்கும் எஞ்சும்.

மீன் தன் நீரைத் தேர்ந்தெடுக்க இயலாது. உப்பு கூடினால் வேறோர் ஏரிக்குச் செல்லவும் அதனால் முடியாது. அதன் செவுளைத் தொட்டுச் செல்லும் நீர்தான் கலங்கல் கடந்து அடுத்த ஊரின் வயலுக்கும், அதனைத் தாண்டி மாநகரின் குழாய்க்கும் செல்கிறது. மீன் நலமாக வாழும் ஏரி, அதன் கீழுள்ள அனைவருக்கும் நல்ல நீர் வழங்கும் ஏரியாகும். தொழில் வளர்ச்சியையும் ஏரியின் நலத்தையும் ஒருங்கே பேணுவதற்குரிய அறிவும் கருவியும் இன்று நம்மிடம் உள்ளன. அவற்றைக் காலத்தே பயன்படுத்துவதே செய்ய வேண்டிய பணி.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் நீர்நிலையின் உப்பளவை மூன்று மாதங்கள் தொடர்ந்து அளந்து, மழையோடும் வெயிலோடும் ஒப்பிட்டு அறிக்கை எழுதுக.

2. ஏரியில் மீன் வளர்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, கோடையில் மீன்களிடம் காணப்படும் மாற்றங்களைக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘கழிவுநீர் விதிக்கு உட்பட்டிருந்தால் மட்டும் போதுமா?’ என்னும் தலைப்பில் பாடத்தில் உள்ள கணக்கைச் சான்றாகக் கொண்டு சொற்போர் நிகழ்த்துக.